பெங்களூர்த் தமிழ் கிரியோல் அன்று

தமிழகத்திற்கு வெளியே வழங்கும் தமிழைப் பொருளாகக் கொண்ட கருத்தரங்குகளில் ஒரு முடிபு அடிக்கடி செவிப்படுகின்றது. பெங்களூரில் பேசப்படுவது தமிழன்று. கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியவை கலந்து உருவான ஒரு 'பிட்ஜின்' என்பர் சிலர். அது குழந்தைகளின் தாய்மொழியாகவும் ஆகிவிட்டமையால் 'கிரியோல்' என்றே கொள்ளலாம் என்பர் வேறு சிலர். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் பெரும்பாலும் சான்று காட்டுவதில்லை. சந்தையில் கேட்ட இரண்டொரு தொடர்களே சான்றாகிவிடுகின்றன. இம்முடிபு மொழியியல் அடிப்படையில் பிழையானது என்பதும், பிழையோடு நில்லாது ஒரு பெருந்தொகை மக்களைத் தமிழாய்வின் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுகின்றது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இம்முடிபைக் கூறுவோர் இன்னார் எனச் சுட்டுவது நோக்கமன்று.

நம் பாடநூல்களின் வாய்பாடு

நம் மொழியியற் பாடநூல்கள் இப்பொருளை ஓர் ஏணியாகவே கற்பிக்கின்றன. ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத இரு குழுவினர் வணிகத்திற்கோ வேலைக்கோ கூடும்போது சொற்சுருக்கமும் இலக்கணச் சுருக்கமும் உடைய பிட்ஜின் தோன்றும். அதைப் பிறப்பு முதல் கேட்டு வளரும் பிள்ளைகளின் வாயில் அது விரிந்து கிரியோல் ஆகும். கிரியோல் நாளடைவில் தன் மூலமொழியை நோக்கி நகரும். ராபர்ட் ஹால் 1966ஆம் ஆண்டில் வகுத்த வாழ்க்கை வட்டத்தின் சாரம் இது. மாணவர் இதனை மனப்பாடம் செய்து ஐந்து மதிப்பெண் பெறுவர். இந்த ஏணிக்குப் பின்னர் நேர்ந்தது என்ன என்பதை எந்தப் பாடநூலும் சொல்வதாகத் தெரியவில்லை.

டெரெக் பிக்கர்ட்டன் 1981இல் ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டப் பிள்ளைகளைச் சான்றாகக் கொண்டு, கிரியோல் இலக்கணத்தைக் குழந்தையின் பிறவி மொழித்திறனே படைக்கின்றது என்றார். பின்வந்தோர் ஹவாய் ஆவணங்களைக் கொண்டே அவரைப் பலவாறு மறுத்தனர். சலிக்கோகோ முஃப்வேனே 2001இல் வெளியிட்ட நூலில், கிரியோல் தோன்றும் முறையும் ஏனைய மொழிகள் மாறும் முறையும் வேறல்ல, வேறுபடுவது சமூகச் சூழலே என நிறுவ முயன்றார். ஹெய்தியில் பிறந்த மொழியியலாளர் மிஷேல் டிகிராஃப், கிரியோல்களை மட்டும் தனிப்பிறவிகளாகக் கருதும் வழக்கமே குடியேற்ற ஆதிக்கக் காலத்தின் எச்சம் என்று கடுமையாகச் சாடினார். ஹெய்தியின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்நாட்டுக் கிரியோலைப் பிரெஞ்சுடன் ஆட்சிமொழியாக ஏற்றது. 'கிரியோல்' என்பதை ஓர் இழிசொல்லாகக் கையாளும் உரிமை உலகில் யாருக்கும் இல்லை. எனவே பெங்களூர்த் தமிழ் கிரியோல் அன்று என்று நான் கூறுவது கிரியோல் தாழ்ந்தது என்னும் கருத்தினால் அன்று. உண்மையில் அது கிரியோலாக இருப்பின் அவ்வாறே கூறி மகிழ்ந்திருப்பேன்.

தண்டுப் பகுதியில் பிறந்த பிட்ஜின்

பெங்களூரோடும் தமிழரோடும் தொடர்புடைய பிட்ஜின் ஒன்று உண்டு. ஆயின் அது தமிழின் பிட்ஜின் அன்று, ஆங்கிலத்தின் பிட்ஜின்.

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த ஆங்கிலப் படை 1809ஆம் ஆண்டில் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. பழைய பேட்டைக்குக் கிழக்கே, அல்சூரை அடுத்துத் தண்டு எழுந்தது. படையுடன் சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் சமையற்காரர்களும் ஆயாக்களும் தோட்டக்காரர்களும் வணிகர்களும் கட்டடத் தொழிலாளர்களும் வந்தனர். இவருள் பெரும்பாலோர் தமிழர். 1881இல் மைசூர் நாடு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947இல் அது மைசூருடன் சேர்க்கப்பட்டது; 1949இல் பேட்டை, தண்டு ஆகிய இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. ஒன்றேகால் நூற்றாண்டிற்கும் மேலாக ஒரே நகரின் இரு பகுதிகள் இரு மொழியுலகங்களாக இருந்தன.

சென்னையில் தோன்றி இத்தகைய தண்டுகளின் பங்களாக்களில் வளர்ந்ததே 'பட்லர் இங்கிலீஷ்'. 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இதற்குத் தனிப்பதிவு தந்து, சீனத்துப் பிட்ஜின் ஆங்கிலத்தோடு ஒப்பிட்டது. எதிர்காலத்திற்கு 'ஐ டெல்லிங்', முற்றுப்பெற்ற இறந்தகாலத்திற்கு 'ஐ டன் டெல்' என அதன் வினையமைப்பையும் காட்டியது. கிரியோல் ஆய்வின் தந்தை எனப்படும் ஹியூகோ சுகார்ட் 1891இல் இந்திய ஆங்கில வகைகளைப் பற்றி எழுதியபோது இதனையும் ஆராய்ந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப் பின், 1986இல், பிரியா ஹோசாலியும் ஜீன் எய்ட்சிசனும் இதனை மிகச் சுருங்கிய பிட்ஜின் எனலாமா என்னும் வினாவை எழுப்பிக் கட்டுரை வரைந்தனர்.

இங்கு நாம் கேட்க வேண்டியது, இந்தப் பிட்ஜின் ஏன் கிரியோல் ஆகவில்லை என்பதே. பங்களாவின் பின்கட்டில் வாழ்ந்த பட்லரின் பிள்ளைகள் தந்தையின் அரைகுறை ஆங்கிலத்தைக் கேட்டு வளரவில்லை. அவர்களுக்கு வீட்டில் தமிழ் இருந்தது, தெருவில் தமிழ் இருந்தது, கோயிலிலும் தேவாலயத்திலும் தமிழ் இருந்தது. பட்லர் இங்கிலீஷ் வேலைநேரத்து உடை. மாலையில் வீடு திரும்பியதும் கழற்றி மாட்டப்பட்டது. கிரியோல் தோன்றுவதற்குரிய முதல் நிபந்தனை, பிள்ளைகளுக்குப் பெற்றோரின் மொழி கிட்டாமற் போவது. பெங்களூர்த் தமிழரிடம் அந்நிபந்தனை எக்காலத்திலும் நிறைவேறவில்லை.

தமிழர் கிரியோல் பேசும் இடங்கள்

அந்நிபந்தனை நிறைவேறிய இடங்களும் தமிழர் வரலாற்றில் உண்டு. மொரீசியசில் பிரெஞ்சு ஆட்சிக்காலத்து அடிமைமுறை 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கிரியோலைப் படைத்திருந்தது. பல ஆப்பிரிக்க மொழிகளையும் மலகாசியையும் பேசிய மக்கள் சிதறடிக்கப்பட்டுக் கலந்து வைக்கப்பட்டதன் விளைவு அது. 1834க்குப் பின் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியருள் இருந்த தமிழர், முன்பே அமைந்திருந்த அந்த மொழிக்குள் சில தலைமுறைகளில் நுழைந்தனர். கோயிலும் காவடியும் நிலைத்தன, வீட்டுமொழி மாறிற்று. மலாக்காவின் செட்டிகள் இன்னும் பழைய சான்று. மலாக்காச் சுல்தான்கள் காலத்தில் குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழியினர் சைவ வழிபாட்டைக் கைவிடாமல், மலாய்க் கிரியோல் ஒன்றைத் தாய்மொழியாகக் கொண்டுள்ளனர்.

இலங்கையின் மலையகத்தை இவற்றோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் குடும்பம் குடும்பமாகத் திரட்டிச் சென்றமையால் லயத்திலும் தமிழே வீட்டுமொழியாக நீடித்தது. கோலார் தங்கவயலும் அத்தகையதே. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியபோது வட ஆர்க்காடு, சேலம், தருமபுரிப் பகுதிகளிலிருந்து வந்தோர் ஊர்த் தொடர்பையும் மணவுறவையும் அறுத்துக்கொள்ளவில்லை. 'வந்துகினு', 'போய்கினு' என்னும் வட தமிழ்நாட்டு வடிவங்கள் தங்கவயலிலும் சிவாசி நகரிலும் ஒலிப்பதற்குக் காரணம் இதுவே. 'கொண்டு' என்பது 'கினு' ஆனது கன்னடக் கலப்பினால் என்று ஒருவர் எழுதியதையும் படிக்க நேர்ந்தது. வேலூரிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருப்பவர்களும் கன்னடக் கலப்பினர்தாமா?

ஒரு தொடரின் இலக்கணம்

எதிர்த்தரப்பார் விரும்பி எடுத்துக்காட்டும் வகையைச் சேர்ந்த தொடர் ஒன்றையே நானும் எடுத்துக்கொள்கின்றேன். நெரிசலான பேருந்தில் இடம் கேட்பவர், 'சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க' என்கிறார். மூன்று மொழிகள் மூன்று சொற்களில். கலப்புக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா என்பர்.

'சொல்ப' என்பது கன்னடத்தின் 'ஸ்வல்ப'. கன்னடத்திற்கு அது வடமொழியிலிருந்து வந்தது. அதே வடசொல் 'சொற்பம்' என்னும் வடிவில் தமிழில் நெடுங்காலமாக வழங்குகின்றது. ஆகவே பெங்களூர்த் தமிழர் புதிதாகக் கொண்டது ஒரு சொல்லின் வேறோர் ஒலிவடிவமே. 'அட்ஜஸ்ட்' ஆங்கிலம், ஆனால் அது வினையாக இயங்கவில்லை. தமிழ் 'பண்ணு' வினையின் முன் பெயர்போல் நிற்கின்றது. 'தியானம் பண்ணு', 'விசாரணை பண்ணு' எனப் பிறமொழிச் சொற்களை ஏற்றுக்கொள்ளத் தமிழ் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் வாயில் இது. எஞ்சியிருப்பது வினை. 'பண்ணி' என்னும் வினையெச்சம், தற்பயன் காட்டும் 'கொள்' துணைவினை, மரியாதைப் பன்மை ஏவல் ஈறு ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியுள்ளன. பிட்ஜின் முதலில் இழப்பது இத்தகைய உருபுகளையே.

ஒப்பீட்டிற்குப் பாப்புவா நியூகினியின் டோக் பிசினைக் காண்க. ஆங்கில வினைத்திரிபுகள் அங்கு அற்றுப்போயின. இறந்தகாலத்திற்கு 'பின்', எதிர்காலத்திற்கு 'பை', முற்றுப்பெற்றமைக்கு 'பினிஸ்' எனத் தனிச்சொற்கள் நிற்கின்றன. அதேவேளையில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நுட்பமும் அங்கே உண்டு: 'யூமி' என்றால் நாம், 'மிபெலா' என்றால் நாங்கள். பசிபிக் மொழிகளின் இலக்கணம் ஆங்கிலச் சொற்களுக்குள் புகுந்து அமைந்ததன் விளைவு அது. சொல் ஒரு மொழியினின்றும் இலக்கணம் வேறிடத்தினின்றும் வருவதை இவ்வாறுதான் காட்டமுடியும். 'சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க' என்பதில் அப்படி இடம் மாறிய இலக்கணம் எது? ஒன்றையேனும் யாரும் இதுவரை காட்டியதில்லை.

மேலும் ஒன்று. ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாதபோதே பிட்ஜின் தேவைப்படும். தமிழும் கன்னடமும் உடன்பிறந்த மொழிகள், தொடரமைப்பு ஒன்றே, கன்னடத்திலும் 'கொள்ளு' துணைவினை இதே பணியைச் செய்கின்றது. ஒருவர் மற்றவர் மொழியை முழுமையாகவே கற்றுவிடுவது எளிது. பெங்களூர்த் தமிழர் செய்ததும் அதுவே. வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் அண்டையாரோடு உருதும் பேசும் மூதாட்டியை அல்சூரில் எந்தத் தெருவிலும் காணலாம். மும்மொழி வல்லுநரை அரைமொழியினர் என அழைப்பது விந்தை.

குப்வாரும் எதிர்வாதமும்

எதிர்த்தரப்பின் வலுவான சான்று ஒன்றுண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வார் என்னும் சிற்றூரில் கன்னடம், மராத்தி, உருது ஆகியவற்றை ஆராய்ந்த ஜான் கம்பர்சும் ராபர்ட் வில்சனும் 1971இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'கிரியோலாக்கம்' என்னும் சொல்லை அமைத்தனர். அதே தொகுதியில் பிராங்க்ளின் சவுத்வர்த், மராத்தியின் தோற்றத்திலேயே அத்தகைய நிகழ்வு இருந்திருக்கலாம் என வாதிட்டார். இவ்விரு கட்டுரைகளின் தலைப்புகள் நம்மிடையே மேற்கோளாகப் பயன்படும் அளவிற்கு அவற்றின் உள்ளடக்கம் பயன்படுவதில்லை.

குப்வாரில் நேர்ந்தது யாது? மும்மொழிகளின் இலக்கணமும் ஒன்றையொன்று நெருங்கி, ஒன்றின் தொடரை மற்றொன்றிற்குச் சொல்லுக்குச் சொல், உருபுக்கு உருபு மாற்றிவிடத்தக்க நிலை ஏற்பட்டது. சொற்களோ பெரும்பாலும் தனித்தனியே நின்றன. பெங்களூர்த் தமிழ் பற்றிய குற்றச்சாட்டு இதற்கு நேர்மாறானது: சொற்கள் கலந்துவிட்டன என்பதே அது. இலக்கணம் நெருங்கியதற்குரிய சான்றைக் கொண்டு சொல் கலந்ததை நிறுவ முற்படுவது தருக்கமாகாது. தாமசனும் காஃப்மனும் 1988இல் கடன்பெறுதல், மொழிபெயர்ந்து சேர்வோரின் தாக்கம், பிட்ஜின் தோற்றம் ஆகியவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகப் பிரித்தபின் இக்குழப்பத்திற்கு இடமே இல்லை. இலங்கை மட்டக்களப்பின் போர்த்துக்கேயக் கிரியோல் இதனை மேலும் தெளிவாக்கும். அது கிரியோலாகப் பிறந்தது ஒரு நிகழ்வு; பின்னர்த் தமிழோடு நெடுங்காலம் வாழ்ந்து வினை இறுதியில் வரும் தொடரமைப்பையும் வேற்றுமைப் பின்னுருபுகளையும் பெற்றது மற்றொரு நிகழ்வு.

சவுத்வர்த்தின் கருதுகோளால் மராத்தியைத் தம் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிய மராத்தித் துறை எதுவும் இல்லை என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம்.

யார் கலந்தால் என்ன பெயர்?

தமிழில் பிறமொழிச் சொற்களை மிகுதியாகக் கலந்து எழுதிய மரபு ஒன்று நமக்கு உண்டு. வைணவ உரையாசிரியர்கள் வடமொழிச் சொற்களோடு தமிழ் உருபுகளைச் சேர்த்து எழுதிய உரைகளின் பக்கங்களைப் புரட்டினால், பெங்களூர்ப் பேருந்தின் கலப்பு மிகச் சொற்பம் எனத் தோன்றும். அதனை நாம் மணிப்பிரவாளம் என்கிறோம். மணியும் பவளமும் கோத்த மாலை! கேரளத்தில் 14ஆம் நூற்றாண்டில் 'லீலாதிலகம்' அதற்கு இலக்கணமே வகுத்தது. மணிப்பிரவாளத்தைக் கண்டித்த தனித்தமிழ் அறிஞர்கூட அதனைப் பிட்ஜின் என்றதில்லை. ஆசாரியர் கலந்தால் மணியும் பவளமும். சுரங்கத் தொழிலாளியும் பூ விற்பவளும் கலந்தால் பிட்ஜின். அமைப்பு ஒன்றாகவும் பெயர் இரண்டாகவும் இருக்குமாயின், பெயரைத் தீர்மானிப்பது இலக்கணமாக இருக்க இயலாது.

தொல்காப்பியர் செய்யுட்கு உரிய சொற்களை நான்காக வகுத்தபோதே திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடமளித்தார். நன்னூலார் தமிழ் ஒழிந்த பிற நிலங்களின் சொற்களையும் திசைச்சொல்லில் அடக்கினார். உரைகளில் வரும் அந்நிலங்களின் பட்டியலில் கன்னடமும் ஒன்று. இலக்கணிகள் திறந்துவைத்த கதவை ஆய்வாளர் நாம் அடைக்கின்றோம்.

பெயரின் விளைவு

இது வெறும் கலைச்சொற் பூசல் எனக் கருதுவோர் இருக்கலாம். ஒரு பேச்சைக் 'கிரியோல்' என அறிவித்தவுடன் அதனை ஆராயும் கடமை தமிழ்த்துறையைவிட்டு நீங்குகின்றது. கிளைமொழி ஆய்வில் மதுரை உண்டு, கொங்கு உண்டு, குமரி உண்டு, யாழ்ப்பாணம் உண்டு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெங்களூர் நகர மாவட்டத்தில் நூற்றுக்குப் பதினைவர் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்துள்ளனர். அவர்தம் பேச்சுக்கு நம் நூலகங்களில் எத்தனை அடுக்குகள் உள்ளன? கிரியர்சனின் கணக்கெடுப்புச் சென்னை மாகாணத்தையும் மைசூர் நாட்டையும் விட்டுவிட்டது என்று நாம் குறைகூறுவது வழக்கம். அவர் விட்டதற்கு அரசின் ஏற்பாடு காரணம். நாம் விட்டதற்கு ஒரு பிழையான பெயரே காரணம்.

அம்மக்கள் எழுதாதவர்களும் அல்லர். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய இதழ், 1914இல் அவர் மறைந்த பின், கோலார் தங்கவயலிலிருந்து அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு 'தமிழன்' என்னும் பெயரில் வெளிவந்தது. தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. அச்சுக் கோத்தவரும் வாங்கிப் படித்தவரும் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தினர். சுரங்கத்தினுள் கலந்த பேச்சும் இதழில் செந்தமிழும் வழங்கிய அவ்வூரில் இருந்தது இரட்டை வழக்கு. தமிழ் கற்ற எவரிடமும் உள்ள இரட்டை வழக்கே அது. பிட்ஜின் பேசுவோர் இத்தகைய இதழ் நடத்தியதாக உலகில் வேறெங்கும் படித்ததில்லை.

இன்றைய பெங்களூர்த் தமிழ் இளைஞர் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது உண்மை. 1982ஆம் ஆண்டுக் கோகாக் கிளர்ச்சிக்குப் பின்னர்த் தமிழ்வழிப் பள்ளிகள் அருகின; பெற்றோரும் ஆங்கிலவழியை நாடினர். இதனை எழுத்தறிவு இழப்பு எனலாம். மொழிப்பெயர்ச்சியின் தொடக்கம் எனவும் அஞ்சலாம். பள்ளியில் நேர்ந்ததை இலக்கணத்தில் நேர்ந்ததாகக் காட்டும்போது பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போகின்றது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தின்போது இம்மக்கள் தாக்கப்பட்டது தமிழர் என்னும் பெயராலேயே. கல்லெறிந்தவர்களுக்கு அவர்கள் பேசியது எம்மொழி என்பதில் ஐயம் எழவில்லை.

செய்யத்தக்க ஆய்வுகள் குறைவில்லை. இன்றைய கன்னடத்தில் 'நாவு' ஒன்றே உண்டு. நாம், நாங்கள் என்னும் வேறுபாடு இல்லை. கன்னடத்தை நாள் முழுதும் பேசும் பெங்களூர்த் தமிழ்ச் சிறுவரிடம் அவ்வேறுபாடு எந்த அளவிற்கு நிற்கின்றது? ழகரம் அவர் நாவில் எவ்வாறு ஒலிக்கின்றது? குப்வாரைப் போன்ற இலக்கண நெருக்கம் நேர்ந்திருப்பின் அது இத்தகைய இடங்களிலேயே புலப்படும். மைசூர், ஹாசன், சிவமொக்கா மாவட்டங்களில் சங்கேதியர் பேசும் பழந்தமிழ் சார்ந்த வழக்கைத் தண்டுத் தமிழோடு ஒப்பிடுவார் உளரா? சங்கேதி நெடுங்காலம் கன்னடத்தோடு வாழ்ந்தது. தண்டுத் தமிழ் இருநூறு ஆண்டுகளாக. ஒரே தொடர்பின் இரு காலநிலைகளை அடுத்தடுத்து வைத்துக் காணும் வாய்ப்பு வேறெங்கும் எளிதிற் கிட்டாது. இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1969 முதல் மைசூரில் இயங்குகின்றது. பெங்களூருக்கும் அதற்கும் சில மணிநேரப் பயணமே.

தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டன. அப்போது முப்பது வயதினராக இருந்த தொழிலாளி இன்று ஐம்பதைக் கடந்தவர். அவருக்குத் தொழில் கற்பித்தவர்களுள் எஞ்சியிருப்போர் எண்பதை எட்டியவர்கள். நிலத்தடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்கும் வெடிக்கும் தூக்கிக்கும் அவர்கள் வழங்கிய தொழிற்சொற்கள் அவர்களுடைய நினைவில் மட்டுமே உள்ளன. அவர்கள் இன்றும் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தகரக் கூரை வீடுகளின் முன்திண்ணையில் மாலைதோறும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கின்றனர்.